சேனைக்கு முன்னால் சீம்பால்

எண்பதுகளில் சிவகங்கைப் பக்கத்துக் கிராமங்களில் நான் சுகாதாரச் செவிலியராக இருந்தபோது, பிள்ளை பிறந்த வீட்டில் முதல் சடங்கு சேனை வைப்பதுதான். குடும்பத்தில் நல்ல பெயர் எடுத்த பெரியவர் ஒருவர் தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ விரலில் தொட்டுப் பிள்ளையின் நாக்கில் வைப்பார். அவர் குணம் பிள்ளைக்கு வரும் என்பது நம்பிக்கை. சில வீடுகளில் கழுதைப்பாலும் கொடுப்பார்கள். தாயிடம் ஊறும் மஞ்சள் நிறச் சீம்பாலைப் பீய்ச்சிக் கீழே விட்டுவிடுவார்கள்.

"அது கெட்ட பாலு நர்சம்மா, பச்சப்புள்ளைக்குச் செரிக்காது" என்பார்கள் அப்பத்தாக்கள். அதே வீட்டில் மாடு கன்று போட்டால், சீம்பாலைக் கருப்பட்டி போட்டுக் காய்ச்சி அக்கம்பக்கத்துக்கும் கொடுத்துச் சாப்பிடுவார்கள்.

இந்த அச்சம் அப்பத்தாக்களோடு தொடங்கியதல்ல. தாய்க்குப் பால் இறங்க மூன்று நான்கு நாள் ஆகும் என்று கருதிய சுசுருத சங்கிதை, அதுவரை தேனும் நெய்யும் தரச் சொல்கிறது. 2-ஆம் நூற்றாண்டில் ரோமில் வைத்தியம் பார்த்த கிரேக்க மருத்துவர் சொரானஸும் முதல் பாலை விலக்கித் தேனைத்தான் பரிந்துரைத்தார். 1748-இல் இங்கிலாந்தில் வில்லியம் கடோகன் என்ற மருத்துவர், வேறெதையும் ஊட்டாமல் பிள்ளையைத் தாயின் மார்பிலேயே விடுங்கள் என்று எழுதினார். படித்த உலகமே மெல்லத்தான் திருந்தியது.

சீம்பால் சில தேக்கரண்டிதான் சுரக்கும்; பிள்ளையின் சிறு வயிற்றுக்கு அதுவே போதும். நோயைத் தடுக்கும் எதிர்ப்புப் புரதங்களும் வைட்டமின் ஏ-யும் அதில் செறிந்திருக்கின்றன. குடலில் தங்கிய கருமலத்தையும் அது இளக்கி வெளியேற்றும். தேனோ, ஒரு வயதுக்குள் கொடுத்தால் கொடிய நஞ்சேற்றம் வரலாம். பிள்ளை சப்பச் சப்பத் தாயின் உடலில் ஆக்சிடோசின் சுரந்து கர்ப்பப்பை இறுகும், உதிரப்போக்கு குறையும். அடிவயிற்றில் கைவைத்து அந்த இறுக்கத்தை நான் பலமுறை உணர்ந்திருக்கிறேன். பால் கொடுத்த பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் சினைப்பைப் புற்றுநோயும் வரும் வாய்ப்புக் குறைவு.

தாய்ப்பாலுக்குப் போட்டியாகப் பால் பவுடர் டின்களும் வசதியின் அடையாளமாக ஊருக்குள் வந்தன. 1992-ஆம் ஆண்டுச் சட்டம் அவற்றின் விளம்பரத்தையும் இலவச மாதிரிகளையும் தடுத்தது. ஆனால் சட்டம் அடுப்படி வரை வராது. அங்கே அப்பத்தாவின் சொல்தான் செல்லும். அதனால் நான் அவர்களோடு வாதாடவில்லை. "உங்க குணந்தானே வரணும் அப்பத்தா? நீங்களே பிள்ளையத் தூக்கித் தாய் மார்புல வையுங்க" என்றேன். பல வீடுகளில் மனமுவந்து செய்தார்கள்.

இன்று பிரசவம் ஆஸ்பத்திரியில்தான். ஆனாலும் சிசேரியன் முடிந்த தாய் கண்விழிப்பதற்குள் சர்க்கரைத் தண்ணீரோடு வரும் உறவினர்களைப் பார்க்கிறேன். இளம் செவிலியர்களே, அவர்களைக் கடிந்து வெளியே அனுப்பாதீர்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையைத் தாயிடம் சேர்க்கும் உரிமையை வீட்டுப் பெரியவருக்கே கொடுங்கள். பிள்ளைக்கு நல்லது நடக்க வேண்டும் என்றுதான் சேனை வைத்தார்கள். அந்த நல்லது சீம்பாலில் இருக்கிறது.