தாராவியில் எத்தனை பேர்? சான்றும் திருத்தமும் குறித்து ஒரு குறிப்பு

மும்பைத் தாராவியின் மக்கள்தொகை எவ்வளவு என்ற எளிய வினாவுக்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. இணையக் கலைக்களஞ்சியமான விக்கிப்பீடியாவில் மூன்று லட்சம் முதல் பத்து லட்சம் வரை மதிப்பீடுகள் காணப்படுகின்றன. 2020ஆம் ஆண்டுக் கொரோனாக் காலச் செய்திகளில் 6.5 லட்சம், 8.5 லட்சம், 10 லட்சம் ஆகிய மூன்று எண்களும் மாறி மாறி வந்தன. பரப்பளவும் 2.1 சதுர கிலோமீட்டர், 2.4, 2.5 என இடத்துக்கு இடம் வேறுபடுகிறது. ஒரு நகர்ப்பகுதியின் அடிப்படை விவரமே இவ்வாறு அலைபாயும்போது, ஊதியமின்றி அதைத் தொகுக்க முன்வரும் ஒருவர் எதை எழுதுவார், எதை நீக்குவார்? இவ்வினாவினுள் மும்பைத் தமிழரின் நூற்றாண்டு வரலாறும் அடங்கியிருக்கிறது.

முதலில் தொகுப்பாளர்கள் இயங்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆங்கில விக்கிப்பீடியா 2001 ஜனவரி 15 அன்றும், தமிழ் விக்கிப்பீடியா 2003 செப்டம்பரிலும் தொடங்கின. ஒவ்வொரு கட்டுரைக்கும் ஓர் உரையாடல் பக்கமும், யார் எப்போது எதை மாற்றினார் என்று காட்டும் வரலாற்றுப் பக்கமும் உண்டு. பொதுவான விவாதங்கள் நடைபெறும் இடத்துக்குத் தமிழில் ‘ஆலமரத்தடி’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அங்கு நடைமுறையில் உள்ள விதிகளுள் தலையாயது மெய்யறிதன்மை. எழுதப்பட்ட செய்தி உண்மையாக இருந்தால் மட்டும் போதாது. நம்பத்தக்க, வெளியிடப்பட்ட ஒரு மூலத்தைக் கொண்டு வாசகர் அதைச் சரிபார்க்க முடியவேண்டும். இரண்டாவது விதி, தொகுப்பவர் தம் சொந்த ஆய்வை அங்கு முன்வைக்கலாகாது என்பது. இவ்விரண்டிலும் தேறாத வரியின் அருகில் ‘சான்று தேவை’ என்ற சிறு குறிப்பு தொங்கும். நாளடைவில் அவ்வரியே நீக்கப்படலாம்.

திருத்தம் என்பது தமிழ்க் கலைக்களஞ்சிய மரபுக்குப் புதிதன்று. ஆ. சிங்காரவேலு முதலியாரின் அபிதான சிந்தாமணி 1910இல் வெளிவந்தது. விரிவாக்கப்பட்ட இரண்டாம் பதிப்பு ஆசிரியரின் மறைவுக்குப் பின் 1934இல்தான் வந்தது. அதாவது 24 ஆண்டுகள் கழித்து. பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு தமிழ் வளர்ச்சிக் கழகம் வெளியிட்ட கலைக்களஞ்சியம் 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. விடுபட்டவற்றைச் சேர்க்க ஒரு தொகுதியே தேவைப்பட்டது. அன்று கால் நூற்றாண்டு காத்திருந்து செய்த திருத்தம் இன்று கால் நிமிடத்தில் நடக்கிறது. ஆயினும் ‘உமக்கு இது எப்படித் தெரியும்?’ என்ற கேள்வி மட்டும் மாறவில்லை.

இனித் தாராவியின் எண்ணுக்கு வருவோம். இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாராவி தனி ஊர் அன்று. அது மும்பை மாநகராட்சியின் ஜி வடக்கு வட்டத்தினுள் ஒரு பகுதி. எனவே கணக்கெடுப்பு அட்டவணையிலிருந்து ஓர் எண்ணை நேராக எடுத்து எழுதிவிட இயலாது. எல்லையை எங்கே வரைவது, மாடியறைகளில் வாடகைக்கு இருப்போரைச் சேர்ப்பதா, பட்டறைகளிலேயே உறங்கும் தொழிலாளர்களைச் சேர்ப்பதா என்பவற்றைப் பொறுத்து எண் மாறும். ‘பத்து லட்சம்’ என்று அடிக்கடி எழுதப்படுவது எண்ணிக் கண்ட தொகையன்று. முழு எண்ணாக இருப்பதால் நாவில் எளிதாக நின்றுவிட்ட மதிப்பீடு.

ஆனால் ஒருமுறை உண்மையாகவே எண்ணினார்கள். 1985இல் பிரதமர் ராஜீவ் காந்தி பம்பாய் நகருக்கு 100 கோடி ரூபாய் மானியம் அறிவித்தார். அதில் ஏறத்தாழ 37 கோடி தாராவிக்கு ஒதுக்கப்பட்டது. அதையொட்டி அரசு முன்வைத்த மக்கள்தொகை மதிப்பீடு மிகக் குறைவு என்று தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பு கருதியது. அக்கூட்டமைப்பினரே 1986இல் தெருத்தெருவாகச் சென்று கணக்கெடுத்தனர். அவர்கள் கண்ட தொகை, ஒரு லட்சத்து ஆறாயிரம் குடும்பங்கள், ஏறத்தாழ 5.3 லட்சம் மக்கள். பின்னர் இதழாளர் கல்பனா சர்மா 2000இல் வெளியிட்ட தாராவி பற்றிய நூலில் இக்கணக்கு இடம்பெற்றது. இன்று எந்தத் தொகுப்பாளரும் அந்த எண்ணை மேற்கோள் குறிப்போடு எழுத முடிகிறது.

அக்கூட்டமைப்பை வழிநடத்திய ஜோக்கின் அற்புதம் கோலார் தங்கவயலில் பிறந்த தமிழர். செம்பூரை அடுத்த மான்கூர்ட் பக்கம் இருந்த ஜனதா காலனியில் வாழ்ந்தவர். 1976 ஜனவரியில் மகாராட்டிர அரசு குடிசைப் பகுதிகளை ஒரே நாளில் கணக்கெடுத்து, புகைப்பட அடையாள அட்டைகளை வழங்கியது. அதே ஆண்டு மே மாதம், நெருக்கடி நிலைக் காலத்தில், பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தேவைக்காக ஜனதா காலனி இடிக்கப்பட்டது. ஏறத்தாழ 70,000 பேர் சீதா கேம்புக்குப் பெயர்க்கப்பட்டனர். எண்ணப்படுவதும் பதியப்படுவதும் யார் கையில் இருக்கின்றன என்பதை அவர் பட்டறிந்தவர். 1985இல் ஸ்பார்க் என்னும் அமைப்பு நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்து அறிக்கையாக வெளியிட்டது. அடுத்த ஆண்டு தாராவிக் கணக்கு நடந்தது. தம்மைப் பற்றிய சான்றைத் தாமே உருவாக்கிய செயல்கள் இவை. ஜோக்கின் அற்புதத்துக்கு 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மசிறீ விருதும் கிடைத்தன. 2018 அக்டோபரில் அவர் காலமானார்.

எண்ணாமல் வந்த எண்களின் கதை வேறு வகையானது. ஒரு செய்தித்தாள் கலைக்களஞ்சியத்தைப் பார்த்து ஒரு விவரத்தை எழுதும். பிறகு அச்செய்தித்தாளையே சான்றாகக் காட்டிக் கலைக்களஞ்சியத்தில் அவ்விவரம் உறுதிப்படுத்தப்படும். கடன் வாங்கியவரே கடன் கொடுத்தவருக்குப் பிணை நிற்பதைப் போன்றது இது. 2008இல் அமெரிக்க மாணவர் ஒருவர், தென்னமெரிக்க விலங்காகிய கோவாட்டிக்கு ‘பிரேசில் ஆர்ட்வார்க்’ என்றொரு பெயரும் உண்டு என விளையாட்டாக எழுதிவைத்தார். சில ஆண்டுகளில் நாளேடுகளும் நூலும் அப்பெயரை எடுத்தாண்டன. பின் அவையே அப்பெயருக்குச் சான்றாயின. ‘ஆசியாவின் மிகப்பெரிய குடிசைப் பகுதி’ என்னும் தாராவியின் பட்டமும் இவ்வாறு ஒருவரையொருவர் பார்த்து எழுதியதால் நிலைத்ததே. கராச்சியின் ஓரங்கி அதைவிடப் பெரிது என்போர் உண்டு. மும்பைக்குள்ளேயே அதைவிடப் பெரிய பகுதிகள் இருப்பதாக 2011இல் டைம்ஸ் ஆஃப் இந்தியா எழுதியது. பட்டமோ இன்னும் நீங்கவில்லை.

சான்றுகளை எடைபோடுவதற்குத் தாராவிக்குள்ளேயே நல்லதோர் எடுத்துக்காட்டு உண்டு. அங்குள்ள ரீவா கோட்டையை மக்கள் ‘காலா கில்லா’ என்பார்கள். அதைக் கட்டியவர் 1669 முதல் 1677 வரை ஆளுநராக இருந்த ஜெரால்டு ஆஞ்சியர் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. கோட்டைச் சுவரில் பதித்த கல்லோ, ஆளுநர் ஜான் ஹார்னின் ஆணைப்படி 1737இல் கட்டப்பட்டது என்கிறது. கல்வெட்டு படித்துப் பழகிய நம்மவர்க்கு இதில் ஐயம் எழாது: கல்லே வலியது. ஆனால் கலைக்களஞ்சியத் தொகுப்பாளர் இரண்டு கேள்விகளைக் கேட்பார். அக்கல்லின் வாசகத்தை யார் படித்து எங்கே வெளியிட்டார்? 1737க்கு முன் அதே இடத்தில் வேறு கட்டடம் இருந்ததை அக்கல் மறுக்கிறதா? இரண்டும் நியாயமான கேள்விகளே. மற்றொரு சிக்கலும் உண்டு. மராட்டியர் போர்க்கதைகளில் வரும் தாராவிக் கோட்டை, வடக்கே பாயந்தர் அருகில் உள்ள வேறொரு தாராவி. பெயர் ஒன்றானதால் இரண்டின் வரலாறும் எளிதில் குழம்பிவிடும். இத்தகைய குழப்பத்தைப் பிரித்துக் காட்டும் ஒரு வரித் திருத்தம், பல பக்கக் கட்டுரையைவிடப் பயனுடையது.

மனிதர் வரலாற்றிலும் இக்குழப்பம் நேர்கிறது. மணிரத்னத்தின் ‘நாயகன்’ 1987இல் வந்தது. அதற்கு வரதராஜ முதலியாரின் வாழ்க்கை தூண்டுதல் என்பது பரவலாக அறியப்பட்டதே. அதனால் அவரைப் பற்றிய பேச்சில் எது வாழ்க்கை, எது திரைக்கதை என்று பிரிப்பது கடினமாகிவிட்டது. படம் பார்த்த நினைவும் பழக்கத்தில் கேட்ட செய்தியும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இவ்விடத்தில் ‘சான்று தேவை’ என்று கேட்பவர் தமிழரின் பெருமையைக் குறைக்கவில்லை. இறந்த ஒரு மனிதரைத் திரைப்படத்திலிருந்து மீட்கிறார்.

இவ்விதி எல்லோர்க்கும் ஒன்றுபோலப் பொருந்துகிறதா என்று கேட்டால், இல்லை என்றே சொல்லவேண்டும். 1896இல் பிளேக் நோய் பரவிய பின், 1898இல் பம்பாய் நகர மேம்பாட்டு அறக்கட்டளை அமைந்தது. அது தாதர், மாதுங்கா பகுதிகளில் மனைகளை வகுத்தது. அங்கு எழுத்தர்களாகவும் அலுவலர்களாகவும் வந்து குடியேறிய தென்னிந்தியர் 1923இல் ஆஸ்திக சமாஜத்தையும் 1932இல் தென்னிந்தியக் கல்விச் சங்கத்தையும் நிறுவினர. சங்கம் என்றால் ஆண்டறிக்கை உண்டு, விழா மலர் உண்டு, நன்கொடையாளர் பட்டியல் உண்டு. ஆகவே மாதுங்காத் தமிழரைப் பற்றி எழுதுபவர்க்கு அச்சிட்ட சான்று கைக்கெட்டும் தொலைவில் கிடைக்கும்.

அங்கிருந்து நடந்தே போகக்கூடிய தாராவிக்குத் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தோரில் பெரும்பாலார் தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த ஒடுக்கப்பட்ட மக்களும் இசுலாமியரும். அவர்கள் வருகையை எந்த ஆண்டறிக்கையும் பதியவில்லை. 1909ஆம் ஆண்டு பம்பாய்க் கெசட்டியர் தாராவியை ஆறு பெரிய கோலிவாடாக்களுள் ஒன்றாக, மீனவர் குடியிருப்பாகவே குறிப்பிடுகிறது. தோல் தொழிலாளியின் பாட்டனார் எந்த ஆண்டு ரயிலேறினார் என்பது குடும்பத்தார் வாய்மொழியில் மட்டுமே வாழ்கிறது. விதியின் கண்ணுக்கு அது சான்றாகாது.

வாய்மொழியை ஏற்கும் முயற்சி நடக்காமல் இல்லை. 2011இல் அச்சல் பிரபாலா தலைமையில் விக்கிமீடியா அறக்கட்டளையின் ஆதரவோடு, இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் வாய்மொழிச் சான்றுகளை ஒலிப்பதிவு செய்து மேற்கோளாக்கும் ஒரு திட்டம் நடந்தது. கேரளத்துச் சிறுவர் விளையாட்டு ஒன்றுக்கு மலையாளத்தில் படங்களோடு நல்ல கட்டுரை இருந்தது; சான்றாகக் காட்ட ஒரு நூலும் இல்லை. விளையாடி வளர்ந்தோர் ஒரு மாநிலம் நிறைய இருந்தனர். இத்திட்டம் பொதுவிதியாக ஏற்கப்படவில்லை. யார் சொன்னாலும் எழுதலாம் என்றால், கோவாட்டிக்குப் பெயர் வைத்த மாணவரைத் தடுக்க வழியிராது என்ற அச்சமும் பொருளற்றதன்று.

புகழ்பெற்ற எழுத்தாளர்க்கும் இதே நிலைதான். 2012இல் அமெரிக்க நாவலாசிரியர் பிலிப் ராத், தம் நாவலொன்றின் தோற்றுவாய் குறித்த தவற்றைத் திருத்தக் கோரினார். ஆசிரியரின் சொல் மட்டும் போதாது, வேறு மூலம் வேண்டும் என்று விடை வந்தது. அவர் நியூயார்க்கர் இதழில் ஒரு திறந்த கடிதம் வெளியிட்டார். அச்சில் வந்தபின் அக்கடிதமே மேற்கோளாயிற்று. அவருக்கு நியூயார்க்கர் இருந்தது. தாராவிப் பாட்டிக்கு எது இருக்கிறது?

இவ்வினா இன்று வெறும் அறிவுத்துறை வினாவாக நின்றுவிடவில்லை. தாராவி மறுசீரமைப்புக்கான ஏலத்தில் 2022 நவம்பரில் அதானி குழுமம் வென்றது. 2024 மார்ச்சில் வீடுவீடான கணக்கெடுப்பு தொடங்கியது. 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்து தரைத்தளத்தில் குடியிருப்பதை ஆவணத்தால் மெய்ப்பிப்பவர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு விலையின்றிக் கிடைக்கும். அதற்குப் பின் வந்தோர்க்கும் மாடியில் இருப்போர்க்கும் விதிகள் வேறு. அவர்களில் பலர் தாராவியை விட்டே வெளியேற நேரிடும். மூன்று தலைமுறையாக அங்கிருந்தும் வாடகைக்கே வாழ்ந்தவர் கையில் ஆவணம் இராது. கலைக்களஞ்சியத்தில் ‘சான்று தேவை’ என்ற குறிப்பால் இழப்பது ஒரு வரி. இங்கு இழப்பது ஒரு வீடு. இடிபாட்டுக்குப் பிறகு அந்த வரியை எழுதத் தேவையான சுவடுகளும் எஞ்சா.

ஆகவே விதியைத் தளர்த்தக் கோருவதைவிட, விதி கேட்கும் சான்றை உருவாக்குவதே நாம் செய்யத்தக்கது என்பது என் துணிபு. 1986இல் தாராவி மக்கள் செய்ததும் அதுவே. ஈழத்தமிழர் 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் இணையத் திட்டம், பெருநூல்களோடு சிறப்பு மலர்களையும் துண்டு வெளியீடுகளையும் மின்வடிவில் சேர்த்து வைத்தது. யாழ்ப்பாண நூலகத்தை 1981இல் தீக்கிரையாகக் கண்டவர்கள் அதன் அருமையை அறிவர். அவ்வாறு சேர்த்தவற்றைச் சான்றாகக் காட்டி இன்று ஈழத்துச் சிற்றூர்களைப் பற்றிக்கூட எழுத முடிகிறது.

தாராவி, செம்பூர், சீதா கேம்ப் பகுதிகளில் கோவில் கொடை மலர்கள், பள்ளி விழா மலர்கள், தொழிற்சங்கத் துண்டறிக்கைகள், மன்றங்களின் அழைப்பிதழ்கள் இன்னும் பல வீடுகளில் பெட்டிக்கடியில் கிடக்கும். அவற்றில் ஆண்டு, அச்சகம், வெளியிட்டோர் பெயர் தெரியும் பக்கத்தை முதலில் படமெடுங்கள். பிறகு முழுவதையும் எடுங்கள். பெரியவர்களின் நினைவுகளைப் பதியும்போது, நாள், இடம், கேட்டவர் பெயர், அவர்கள் கண்டதா கேள்விப்பட்டதா என்பவற்றைச் சேர்த்தே பதியுங்கள். அவர்தம் ஒப்புதலையும் பெறுங்கள். அவற்றை ஒரு சிறுநூலாகவேனும் அச்சிட்டு இரண்டு பொதுநூலகங்களுக்குக் கொடுங்கள். குடும்ப அட்டை போன்ற தனி ஆவணங்களை மட்டும் பொதுவெளியில் இடாதீர்கள். அவை வீட்டுரிமைக்கான சான்றுகள், பத்திரமாக இருக்கட்டும்.