அறிமுகப் பௌதிக அறிவியல்

அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளின் முதலாண்டான ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்காக 1960களில் உருவாக்கப்பட்ட ஆய்வகப் பாடத்திட்டம் இது. ஆங்கிலத்தில் ‘இன்ட்ரொடக்டரி ஃபிசிக்கல் சயின்ஸ்’ என்று பெயர். எட்டாம் வகுப்பிலும் பல பள்ளிகள் இதை நடத்தின. இயற்பியல், வேதியியல் என்று பிரிக்காமல், பொருள்களின் பண்புகளில் தொடங்கி அணு வரை ஒரே இழையாகச் செல்வது. இதன் பாடநூலை 1967இல் பிரெண்டிஸ் ஹால் பதிப்பகம் வெளியிட்டது.

ஒன்பதாம் வகுப்புக்கு எந்த அறிவியலைக் கற்பிப்பது என்ற கேள்வி அமெரிக்காவில் நெடுநாளாகவே இழுபறியில் இருந்தது. ஹார்வர்டு பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் எலியட்டின் தலைமையில் 1892இல் அமைந்த ‘பத்துப் பேர் குழு’, பள்ளி அறிவியலில் ஆய்வக வேலைக்கு இடம் தர வேண்டும் என்று வலியுறுத்தியது. ஆனால் உயர்நிலைப் பள்ளிகளில் கூட்டம் பெருகியபோது பள்ளிகள் பிடித்துக்கொண்டது ‘பொது அறிவியல்’ என்ற கலவைப் பாடத்தைத்தான். கால்டுவெல், ஐக்கன்பெரி ஆகிய இருவரும் எழுதி 1914இல் வந்த பாடநூல் இவ்வகையின் தொடக்ககால நூல்களில் ஒன்று. காற்று, நீர், மண், உடல்நலம் என்று அன்றாட வாழ்வில் தட்டுப்படும் எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் சொல்வது இந்தப் பாடத்தின் வழக்கம். மாணவர்களுக்கு அலுப்புத் தட்டவில்லை என்பது அதன் பலம். எதையும் அவர்கள் தாங்களே நிறுவிப் பார்க்கவில்லை என்பது அதன் பலவீனம்.

மாற்றம் மேல் வகுப்பிலிருந்து வந்தது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் இயற்பியலர் ஜெரால்டு சக்கரியாஸ் 1956இல் பௌதிக அறிவியல் ஆய்வுக் குழுவைத் தொடங்கினார். தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் கொடுத்தது. சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதால்தான் அமெரிக்கா பாடநூல்களைத் திருத்தக் கிளம்பியது என்று சொல்வது வழக்கம். ஸ்புட்னிக் பறந்தது 1957 அக்டோபர் 4 அன்று. குழு அதற்கு முந்தைய ஆண்டே வேலையைத் தொடங்கிவிட்டது. ஸ்புட்னிக் செய்தது, பணத்தையும் அவசரத்தையும் கூட்டியதுதான். 1958ஆம் ஆண்டின் தேசியப் பாதுகாப்புக் கல்விச் சட்டம் பள்ளி ஆய்வகக் கருவிகளுக்கு நிதி வழங்கியது. குழுவின் இயற்பியல் பாடநூல் 1960இல் வெளிவந்தது.

அந்த நூல் பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளுக்கானது. அதைப் படிக்க வந்தவர்களில் பலர் தராசைத் தொட்டதில்லை. அளவீட்டில் பிழை வரும் என்பதோ, வந்தால் என்ன செய்வது என்பதோ அவர்களுக்குத் தெரியாது. அடித்தளத்தைக் கீழ் வகுப்பில்தான் போட வேண்டும் என்று முடிவாயிற்று. குழுவின் பணிகளை நடத்திவந்த எஜுகேஷனல் சர்வீசஸ் என்ற நிறுவனம் 1963இல் புதிய திட்டத்தைத் தொடங்கியது. பொறுப்பேற்றவர் இயற்பியலர் ஊரி ஹேபர்-ஷைம். ஜட்சன் கிராஸ், ஜான் டாட்ஜ், ஜேம்ஸ் வால்டர் ஆகியோர் உடனிருந்து எழுதினர். மேற்கொண்டு அறிவியலே படிக்கப்போகாத மாணவருக்கும் இது தன்னளவில் முழுமையான பாடமாக இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

குழு எடுத்த முதல் துணிச்சலான முடிவு, பெரும்பகுதியை வெட்டி எறிந்தது. ஒளி, ஒலி, எந்திரங்கள், வானிலை எதுவும் இல்லை. பொருள்கள் அணுக்களால் ஆனவை என்று நம்புவதற்கு என்ன சான்று என்ற ஒரே கேள்விக்கு முழு ஆண்டும் ஒதுக்கப்பட்டது. ‘அணு’ என்ற சொல்லும் எடுத்த எடுப்பில் வராது. நூலில் பாதிக்கு மேல் தாண்டிய பிறகுதான் அணு மாதிரி பேசப்படுகிறது.

முதற்பதிப்பில் பாடம் மரக்குச்சியில் தொடங்கியது. சிறு மரச்சிம்புகளைச் சோதனைக் குழாயில் அடைத்து ஸ்பிரிட் விளக்கில் சூடாக்குவார்கள். ஒரு வாயு வெளிவந்து நீருக்கு மேல் சேரும். கருத்த நாற்றமடிக்கும் திரவம் இன்னொரு குழாயில் வடியும். மிச்சம் கரி. ஒரு மரக்குச்சி எத்தனை பொருளாகப் பிரிந்தது, அந்தத் திரவம் ஒரே பொருள்தானா என்ற கேள்விகளுக்கு அங்கே விடை கிடையாது. பிந்தைய பதிப்புகளில் மரக்குச்சியின் இடத்துக்குச் சமையல் சோடா வந்தது.

அடுத்து நிறை. உப்பைத் தண்ணீரில் கரைக்கும் முன்னும் பின்னும் எடைபோடுவார்கள். பனிக்கட்டி உருகும் முன்னும் பின்னும். செம்பையும் கந்தகத்தையும் சேர்த்துச் சூடாக்கும் முன்னும் பின்னும். கெட்டியான புட்டியில் தண்ணீர் ஊற்றி, பொங்கும் மாத்திரையின் துண்டு ஒன்றைப் போட்டு இறுக மூடி எடைபோட்டால் நிறை மாறாது. மூடியைத் தளர்த்தி மீண்டும் எடைபோட்டால் குறையும். வாயுவுக்கும் நிறை உண்டு என்பதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்த இடத்தில்தான் இப்பாடத்தின் மிகச் சிறந்த கூறு வருகிறது. ஒரு ஜோடி மாணவர்களுக்கு 0.01 கிராம் கூடியிருக்கும். இன்னொரு ஜோடிக்கு 0.02 கிராம் குறைந்திருக்கும். வழக்கமான வகுப்பில் இருவரும் சரியான விடையைப் பக்கத்து மேசையிலிருந்து எழுதிக்கொள்வார்கள். இங்கே எல்லா ஜோடிகளின் முடிவையும் கரும்பலகையில் செவ்வக வரைபடமாகக் குவிப்பார்கள். குவியல் சுழியைச் சுற்றி இருபுறமும் பரவியிருக்கிறதா, ஒரே பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று வகுப்பே பார்த்து முடிவு சொல்லும். தராசின் நுண்மை எவ்வளவு என்பதை ஒரே பொருளைத் திரும்பத் திரும்ப எடைபோட்டு முன்பே அறிந்திருப்பார்கள். நிறை அழியா விதி இப்படித் தரவுகளின் குவியலிலிருந்து எழுந்து வந்தது. பள்ளி அறிவியலில் பிழையை இவ்வளவு நேர்மையாகக் கையாண்ட பாடநூல் வேறு அதிகமில்லை.

பின் அடர்த்தி, கொதிநிலை, கரைதிறன் ஆகிய பண்புகளைக் கொண்டு பொருள்களை அடையாளம் காண்பதும் பிரிப்பதும். இதற்கான தேர்வு எழுத்துத் தேர்வன்று. பல பொருள்கள் கலந்த ஒரு சேற்றுக் கலவையை மாணவர் கையில் கொடுத்து, இதில் என்னென்ன இருக்கின்றன, பிரித்துக் காட்டு என்பார்கள். அதற்கடுத்து, குறிப்பிட்ட அளவு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் வெவ்வேறு அளவு துத்தநாகத்தைப் போட்டு, எவ்வளவு போட்டாலும் இரண்டும் மாறாத விகிதத்தில்தான் சேர்கின்றன என்று காண்பார்கள். அணு மாதிரி வரும்போது ஃபாஸ்டனர்களும் ரப்பர் வளையங்களும் அணுக்களாக நின்று, இந்த விகிதம் ஏன் மாறுவதில்லை என்று காட்டும். நீரின் மேல் ஒலியிக் அமிலக் கரைசலை ஒரு சொட்டு விட்டு, படலம் பரவும் பரப்பிலிருந்து அதன் தடிமனைக் கணக்கிடுவார்கள். விடை ஒரு மீட்டரின் நூறு கோடியில் ஒரு பங்கு என்ற அளவில் வரும். ஹீலியம் அணுவின் நிறையைப் பொலோனியச் சிதைவிலிருந்து காணும் சோதனையைப் பள்ளியில் செய்ய முடியாது என்பதால் அதைத் திரைப்படமாகக் காட்டினர்.

கருவிகள் எளியவை. எரிவாயுக் குழாயும் நீர்த்தொட்டியும் பதித்த ஆய்வகம் வேண்டாம், தட்டையான மேசைகள் உள்ள சாதாரண வகுப்பறை போதும் என்ற எண்ணத்தில் வடிவமைக்கப்பட்டவை. ஆனால் ஆசிரியருக்கு வேலை கூடியது. விடை தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருப்பது பயிற்சி இல்லாமல் வராது. அந்தப் பயிற்சி அறக்கட்டளையின் கோடைக்காலப் பயிலரங்குகளை நம்பியிருந்தது.

1970களின் நடுவில் காற்று திசை மாறியது. அறக்கட்டளையின் பணத்தில் உருவான ‘மனிதன்: ஒரு பாடத்திட்டம்’ என்ற சமூக அறிவியல் பாடம் அமெரிக்க நாடாளுமன்றத்தில் பெரும் சர்ச்சையாகி, பள்ளிப் பாடங்களுக்கு அரசு பணம் தருவதே கேள்விக்குள்ளானது. மாநிலங்களின் பாடப்பட்டியல்கள் நீண்டன. பட்டியலில் உள்ள எல்லாத் தலைப்புகளையும் தொட்ட தடித்த நூல்களே விற்றன. அவற்றின் தரத்தை ஜான் ஹூபிஸ் தலைமையிலான குழு ஆராய்ந்து 2001இல் அறிக்கை தந்தது. பரவலாகப் பயன்பட்ட 12 நூல்களின் பிழைகள் அதில் சுமார் 500 பக்கங்களுக்கு நீண்டன. பாடகி லிண்டா ரான்ஸ்டாட்டின் படத்துக்குக் கீழே சிலிக்கான் படிகம் என்று அச்சிட்ட நூலும் அவற்றில் இருந்தது.

ஹேபர்-ஷைம் தம் நூலைக் கைவிடவில்லை. சயின்ஸ் கரிகுலம் என்ற சிறு பதிப்பகத்தின் வழியாகத் திருத்திய பதிப்புகள் தொடர்ந்து வந்தன. விசையும் இயக்கமும் ஆற்றலும் இல்லாத பௌதிக அறிவியலா என்ற குறைக்கு அவர் பின்னர் ஒரு துணை நூலால் பதில் சொன்னார். அது தனி நூலாகவே வந்தது. அணுவைத் தேடும் முதல் நூலுக்குள் அந்தப் பாடங்கள் திணிக்கப்படவில்லை.