பத்தாங்கிளாஸ் ஃபார்முலாவுக்குப் பின்னால ஒரு சண்டை

பத்தாம் வகுப்பு கணக்குப் புத்தகத்துல புள்ளியியல் பாடம் ஞாபகம் இருக்கா? திட்ட விலக்கத்தை சராசரியால வகுத்து நூறால பெருக்கினா மாறுபாட்டுக் கெழு. எது சின்னதோ அதுக்குத்தான் சீர்மை அதிகம்னு எழுதி மார்க் வாங்கிட்டு வந்துட்டோம். அந்த ஃபார்முலா பிறந்த நேரத்துல ஒரு பெரிய சண்டை ஓடிட்டிருந்தது. ஆண்களா பெண்களா, யாருக்குள்ள வேறுபாடு அதிகம்?

கேட்க சாதாரணமா இருக்கும். ஆனா அன்னைக்கு அதுல ஒரு பொறி இருந்தது. ஆண் இனத்துலதான் வேறுபாடு அதிகம்னு 1871-லயே டார்வின் எழுதிட்டார். 1894-ல ஹேவ்லாக் எல்லிஸ் அதை மனுஷங்களுக்கு விரிச்சார்: மேதைகள்லயும் ஆண்கள் அதிகம், மனவளர்ச்சி குன்றியோர் இல்லங்கள்லயும் ஆண்கள் அதிகம், அதனால ரெண்டு ஓரத்துலயும் ஆண்கள், நடுவுல பெண்கள். அப்புறம் என்ன, பெண்களுக்கு எதுக்கு மேல்படிப்புன்னு கேட்க ஒரு 'அறிவியல்' காரணம் கிடைச்சிடுச்சு.

லண்டன்ல கார்ல் பியர்சன் இந்த வாதத்தைப் பிடிச்சுக்கிட்டார். 'திட்ட விலக்கம்'ங்கிற பேரை வச்சவரும் இவர்தான். அவர் பார்த்த சிக்கல் இது. சும்மா ஒரு உதாரணம்: ஆண்கள் சராசரி உயரம் 170 செ.மீ., விலக்கம் 6.8. பெண்கள் சராசரி 160, விலக்கம் 6.4. விலக்கத்தை மட்டும் பார்த்தா ஆண்கள் ஜெயிச்ச மாதிரி இருக்கும். ஆனா உருவமே பெரிசா இருந்தா விலக்கமும் பெரிசாதானே வரும்? சராசரியால வகுத்துப் பாருங்க, ரெண்டுமே 4 சதவீதம். 1896-ல இதுக்கு மாறுபாட்டுக் கெழுன்னு பேர் வச்சு, அடுத்த வருஷமே ஒரு நீண்ட கட்டுரையில கிடைச்ச உடல் அளவுகளையெல்லாம் இதுல போட்டுப் பார்த்தார். ஆண்களுக்கு வேறுபாடு அதிகம்ங்கிறதுக்கு ஆதாரமே இல்லன்னு முடிச்சார்.

உடனே பியர்சனுக்கு கட்-அவுட் வைக்க வேண்டாம். மனுஷன் தீவிர யூஜெனிக்ஸ்காரர். 'நல்ல ரத்தம்' மட்டும் பெருகணும்னு பேசினவர். இங்க கணக்கு நேர்மையா இருந்தது, அவ்வளவுதான்.

எல்லிஸ் விடல, வாதமும் சாகல. 1906-ல அமெரிக்காவுல எட்வர்ட் தார்ன்டைக் அதே வேறுபாட்டுக் கதையை வச்சு, பெண்களுக்கு முதுநிலைப் படிப்பு கொடுக்கிறதுல பெரிய பலன் இல்லன்னு எழுதினார். எனக்குப் பிடிச்ச ஆள் இங்கதான் வர்றாங்க. லீட்டா ஹாலிங்வர்த். கல்யாணம் ஆனவங்கங்கிற ஒரே காரணத்துக்காக நியூயார்க்ல டீச்சர் வேலை கிடைக்காம, கொலம்பியாவுல படிக்கப் போனவங்க. அங்க அவங்களோட பிஎச்டி கைடு யார் தெரியுமா? அதே தார்ன்டைக்!

வளர்ந்தவங்களை அளந்தா சாப்பாடு, வேலை, வளர்ப்புன்னு எல்லாம் கலந்துடும். அதனால ஹாலிங்வர்த்தும் ஹெலன் மான்டேகும் பிறந்த குழந்தைகளை எடுத்துக்கிட்டாங்க. ஆயிரம் ஆண், ஆயிரம் பெண். 1914-ல வெளியான முடிவுல, ஆண் குழந்தைகள் சராசரியில கொஞ்சம் பெரிசு. ஆனா வேறுபாடு அவங்ககிட்ட அதிகமா இல்ல.

அப்போ இல்லங்கள்ல ஆண்கள் ஏன் அதிகம்? அதையும் தோண்டினாங்க. மனவளர்ச்சி குன்றிய பையனால சம்பாதிக்க முடியலன்னு சின்ன வயசுலயே கொண்டு வந்து விட்டுடுவாங்க. அதே நிலையில இருக்கிற பொண்ணு வீட்டு வேலை செஞ்சுக்கிட்டு வெளியவே இருந்துடுவா, ரொம்ப லேட்டாதான் கணக்குல வருவா. எல்லிஸ் எண்ணினது இல்லத்தோட கதவுக்குள்ள வந்தவங்களை மட்டும். டேட்டா வேலை பார்க்கிறவங்களுக்கு இது பழகின வலிதான்: லாக்ல பதிவானதை மட்டும் பார்த்துட்டு, பதிவாகாததை இல்லவே இல்லன்னு நினைச்சுக்கிறது.

கெழுவுக்கும் ஒரு எல்லை இருக்கு. பூஜ்யம்னா நிஜமாவே ஒண்ணுமில்லன்னு அர்த்தம் வர்ற அளவுகளுக்குத்தான் அது செல்லும். சராசரி வெப்பம் 30 டிகிரி செல்சியஸ், விலக்கம் 3-ன்னா 10 சதவீதம். அதையே ஃபாரன்ஹீட்ல மாத்தினா 86-க்கு 5.4, கிட்டத்தட்ட 6.3 சதவீதம். வெயில் அதேதான், எண் மட்டும் மாறிடுச்சு. ஐக்யூ ஸ்கோருக்கும் உண்மையான பூஜ்யம் கிடையாது. அதனால உயரத்துக்கும் எடைக்கும் போட்ட கெழுவை மூளைக்கும் போட்டு யாராவது ஸ்லைடு காட்டினா, முதல்ல அந்த ஸ்கேலோட பூஜ்யம் எங்க இருக்குன்னு கேளுங்க.