ஏரி வாரியம் முதல் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வரை: காஞ்சி வட்டாரத்தில் நீர்க்காவலின் வரலாறு

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் உள்ள முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டைப் பள்ளிப் பாடநூல்கள் குடவோலைக்காகவே எடுத்துக்காட்டுகின்றன. பானையில் ஓலையிட்டுச் சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்த முறை வியப்புக்குரியதுதான். ஆனால் அப்படித் தேர்ந்தவர்கள் ஆண்டு முழுவதும் பார்த்த வேலை என்ன என்ற கேள்வி அந்த வியப்பில் அமுங்கிப்போனது. ஊரின் ஏரியையும் தோட்டத்தையும் காப்பது அந்த வேலையில் பெரும்பங்கு. காஞ்சிபுரம் வட்டாரத்தில் அந்தக் காவல் யார் யார் கைக்கு மாறியது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

கி.பி. 919இல் ஓர் ஆணை, 921இல் அதைத் திருத்தி மற்றோர் ஆணை. ஊர் குடும்பு எனப்படும் 30 பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. குடும்புக்கு ஒருவராகத் தேர்ந்த 30 பேரில் 12 பேர் சம்வத்சர வாரியத்துக்கும், 12 பேர் தோட்ட வாரியத்துக்கும், 6 பேர் ஏரி வாரியத்துக்கும் போனார்கள். பதவிக்காலம் 360 நாள். ஆண்டு வாரியமான சம்வத்சர வாரியத்துக்கு முன்னரே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களையும், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களையும் எடுக்க வேண்டும் என்பது விதி. நீரையும் மரத்தையும் பார்த்துக்கொண்ட அனுபவம் ஊரின் மேல்பதவிக்கு ஒரு தகுதியாகவே இருந்திருக்கிறது.

இவற்றைவிடக் கூர்மையானது கணக்கு விதி. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாமல் போனவர் மறுபடி ஓலையில் பெயர் எழுதத் தகுதியற்றவர். அவர் மட்டுமல்ல, அவருடைய நெருங்கிய உறவினரும் தகுதியற்றவர்; அவர்களின் பட்டியல் கல்லில் நீளமாக வெட்டப்பட்டிருக்கிறது: சிற்றன்னை, பேரன்னை மக்கள், அத்தை, மாமன் மக்கள், மருமகன், தகப்பன், மகன் எனத் தொடர்கிறது. முதல் ஆணைக்கு இரண்டே ஆண்டில் திருத்தம் வந்திருப்பதைப் பார்க்கையில், ஏட்டில் எழுதிய விதியை நடைமுறை சோதித்திருக்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். குடவோலையைவிட இந்த விதியே அந்த ஊராரின் அறிவுக்குச் சான்று.

ஏரி வாரியத்திடம் கண்காணிக்கும் பொறுப்போடு செலவுக்கு வழியும் இருந்தது. விளைச்சலில் ஏரிக்கென்று பிரித்த ஏரி ஆயம், மீன்பிடி உரிமையிலிருந்து வந்த பாசிப்பட்டம், தனியார் கொடுத்த பொன்முதலின் வட்டி என மூன்று வரவுகளைத் தமிழகக் கல்வெட்டுகள் பலவற்றில் காணலாம். உத்திரமேரூரின் ஏரிக்குப் பல்லவர் காலத்தில் வயிரமேக தடாகம் என்று பெயர். ஏரிக்கு முதல் எதிரி வறட்சி அல்ல, தூர்தான். வரத்துக் கால்வாய் கொண்டுவரும் வண்டல் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒரு படலமாகப் படிகிறது. ஓராண்டு விட்டால் தெரியாது. ஒரு தலைமுறை விட்டால் மதகின் வாய் மண்ணுக்குள் போய்விடும். ஒருமுறை பெருஞ்செலவு செய்வதைவிட ஆண்டுதோறும் சிறுசெலவு செய்வதே இதற்கு மருந்து. வட்டி மட்டும் செலவாகி முதல் அப்படியே நிற்கும் பொன்னறக்கட்டளை இந்தத் தேவைக்கு மிகப் பொருத்தமான ஏற்பாடு.

இதைப் பொற்காலமாகப் பாட நான் வரவில்லை. பொதுவாகக் கால்வேலிக்குக் குறையாத இறைநிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் பயிற்சியும் உள்ள பிராமண ஆண்களுக்கே ஓலையில் இடம். ஏரி நீரில் உழுத குடிகளுக்கும் கரையில் மண் சுமந்தவர்களுக்கும் சபையில் குரல் இல்லை, பெண்களுக்கும் இல்லை. அரசனின் அதிகாரி உடனிருந்துதான் விதிகளே வகுக்கப்பட்டன.

காஞ்சி நகரத்தின் அமைப்பு வேறு. உத்தம சோழனின் பத்தாம் நூற்றாண்டுச் செப்பேடு, இப்போது சென்னை அருங்காட்சியகத்தில் இருப்பது, காஞ்சியாகிய கச்சிப்பேட்டின் நகர அவையினரான மாநகரத்தாரையும் கம்புழான்பாடி, அதிமானப்பாடி முதலிய சேரிகளில் வாழ்ந்த பட்டசாலிகள் என்னும் நெசவாளரையும் பேசுகிறது. நகரில் ஊரகம் என்னும் இடத்துக் கோயிலின் நிர்வாகத்தில் நெசவாளருக்குப் பொறுப்பு தரப்பட்டது. அதன் கணக்கை மாநகரத்தார் பார்த்தார்கள். கிராமத்தில் நிலவுடைமை தந்த இடத்தை நகரத்தில் தொழில் தந்தது.

பதினெட்டாம் நூற்றாண்டுக்குத் தாவலாம். 1767 முதல் 1774 வரை கிழக்கிந்தியக் கம்பெனிக்காகத் தாமஸ் பர்னார்டு நடத்திய, காஞ்சி வட்டாரம் அடங்கிய ஜாகீரின் அளவாய்வில், களத்து நெல்லிலிருந்து கோயில், கணக்கர், தச்சர், கொல்லர் பங்குகளோடு ஏரிக்கான மேரை என்னும் பங்கும் பதிவாகியுள்ளது. அதாவது அரசர்கள் மாறியும் ஏரியின் பங்கு களத்திலேயே பிரிந்துகொண்டிருந்தது. 1780இல் காஞ்சிக்கு அருகே புள்ளலூரில் ஐதர் அலியின் படை கம்பெனிப் படையை முறியடித்தது. அந்தப் போர்க்காலத்தில் வட்டாரமே பாழ்பட்டது, ஏரிகளும் தப்பவில்லை. 1794 முதல் 1798 வரை கலெக்டராயிருந்த லயனல் பிளேஸ் பல ஏரிகளைச் செப்பனிட்டார். நல்ல பணிதான். ஆனால் ஏரியைச் செப்பனிடும் முடிவு இப்போது கலெக்டர் கச்சேரியில் எடுக்கப்பட்டது.

அதன் பிறகு நடந்ததை இழப்பு என்றே சொல்வேன். விளைச்சலின் பெரும்பங்கை வரியாக அரசு எடுத்துக்கொள்ள, மேரைகள் தேய்ந்தன. ஊரார் கூடிச் செய்துவந்த குடிமராமத்து குறைந்தது. 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டம் அதைத் தண்டனையால் மீட்கப் பார்த்தது: உடைப்பெடுக்கும் கரைக்கு ஆள் வராவிட்டாலும், வழக்கமான மராமத்தைச் செய்யாவிட்டாலும் அபராதம். வரவை எடுத்துக்கொண்டு கடமையை மட்டும் ஊரில் விட்டுவைத்தால் அது எப்படி நிற்கும்? 1883இல் அரசே ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டுள்ள ஏரி பொதுப்பணித் துறைக்கும், அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்துக்கும் என்று பங்கு பிரிந்தது. ஒரே கால்வாயில் சங்கிலியாகக் கோத்த ஏரிகளுக்கு இரண்டு எஜமானர்கள். மேல் ஏரியின் கலங்கல் வழிந்து கீழ் ஏரிக்குப் போகும் நீர், ஓர் அலுவலக எல்லையைத் தாண்டி இன்னோர் அலுவலக எல்லைக்குள் நுழைகிறது.

நகரத்தில் 1866இல் நகராட்சி வந்தது. நூற்றாண்டின் முடிவில் அது அமைத்த குடிநீர்த் திட்டம் வேகவதி ஆற்றுப்படுகையின் ஊற்றுகளை நம்பி இருந்தது. அந்த வேகவதி பின்னர் நகரின் கழிவுநீரையும் சாயநீரையும் சுமக்கலாயிற்று; கரையோரக் குடியிருப்புகளை அகற்றிக் கீழ்க்கதிர்ப்பூர் அடுக்குமாடிகளுக்கு அனுப்பும் நிலை வந்தது.

பட்டுச் சாயப் பட்டறைகளிலிருந்து வரும் இந்தச் சாயநீரைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். கோறா எனப்படும் கச்சாப் பட்டைச் சோப்பும் சோடாவும் கலந்த கொதிநீரில் போட்டு மேலுள்ள பசையை எடுக்கிறார்கள். எடையில் ஏறக்குறைய கால்பங்கு அந்த நீரோடு போய்விடும். பிறகு சாயத் தொட்டி. கழிகளில் கோத்த நூலைச் சாயக்காரர் தோய்த்துத் திருப்பி, முறுக்கிப் பிழிந்து, அலசி, நிழலில் உலர்த்துகிறார். அலசிய நீர் வாசல் சாக்கடைக்குப் போகிறது. ஒரு பட்டறையின் நீர் அற்பம். தெருவின் பட்டறைகள் சேர்ந்தால் ஆறு நிறம் மாறும். பெரிய ஆலைக்கென வகுத்த உரிமம், சுத்திகரிப்பு நிலையம், மாதிரி எடுப்பு ஆகிய முறைகள் வீட்டுத் திண்ணையில் நடக்கும் தொழிலோடு எளிதில் பொருந்துவதில்லை.

அந்த முறைகளைக் கொண்டுவந்தது 1974ஆம் ஆண்டின் நீர் மாசுத் தடுப்புச் சட்டம். அதன்கீழ் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982 பிப்ரவரியில் அமைந்தது. 1989இல் அரசாணை 213, ஆறுகள், ஏரிகளிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் தோல், சாயம் போன்ற கடும் மாசுத் தொழில்கள் புதிதாக வருவதைத் தடுத்தது. ஆணை இருந்தும் பாலாற்றின் மேற்பகுதியில் தோல் கழிவு ஓடியது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்ற கோட்பாட்டை நாட்டின் சட்டமாக ஏற்றது. அதே பாலாறுதான் கீழே காஞ்சி மண்ணுக்கும் வருகிறது. ஆற்றோரத்து எந்த ஊராட்சிக்கும் இத்தகைய ஆணையிடும் அதிகாரம் இல்லை. மக்கள் நீதிமன்றப் படியேற வேண்டியிருந்தது.

சட்டப் புத்தகத்தில் உள்ளாட்சிக்கு இடம் தரப்படவில்லை என்று சொல்ல முடியாது. அரசியலமைப்பின் 11ஆம் அட்டவணை சிறுபாசனத்தையும் நீர் மேலாண்மையையும் ஊராட்சிகளுக்கும், 12ஆம் அட்டவணை சுற்றுச்சூழல் பாதுகாப்பை நகராட்சிகளுக்கும் ஒப்படைக்கத்தக்க பொறுப்புகளாகப் பட்டியலிடுகின்றன. 2021இல் மாநகராட்சியான காஞ்சிபுரத்துக்கும் இது பொருந்தும். ஆனால் தொழிற்சாலைக்கு இசைவு தருவதும் மறுப்பதும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். பொதுப்பணித் துறை வசமிருந்த ஏரிகளின் ஆக்கிரமிப்பை அகற்றுவது 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி துறை அதிகாரி. 2017 மார்ச்சில் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலத்தில் தொடங்கிவைக்கப்பட்ட புதிய குடிமராமத்துத் திட்டம், ஆயக்கட்டு விவசாயிகள் பத்து விழுக்காடு பங்களிப்பார்கள் என்றது. பழைய பெயர் திரும்பியது. ஏரியின் வரவு திரும்பவில்லை.

பொறுப்புக்கும் அதிகாரத்துக்கும் இடையிலான இந்தப் பிளவு இன்று மிகத் தெளிவாகத் தெரியும் இடம் காஞ்சி வட்டாரத்துப் பரந்தூர். 2022 ஆகஸ்டில் அங்கே விமான நிலையம் அறிவிக்கப்பட்டபின், திட்டப் பகுதியிலுள்ள ஏகனாபுரத்தின் கிராம சபை, விளைநிலமும் நீர்நிலைகளும் போகும் என்று எதிர்த்துத் திரும்பத் திரும்பத் தீர்மானம் போட்டது. பத்தாம் நூற்றாண்டுச் சபையில் இடமில்லாதிருந்த பெண்களும் உழவர்களும் இந்தச் சபையில் கைதூக்கினார்கள். நிலம் எடுப்பதோ 1997ஆம் ஆண்டுத் தொழில் நோக்க நிலமெடுப்புச் சட்டத்தின்கீழ். அந்தச் சட்டத்தில் கிராம சபையின் ஒப்புதலுக்கு இடமில்லை.