பரங்கிப்பேட்டை ஹீத்தும் மாங்கனீசும்

செம்பரம்பாக்கம் ஏரியைத் தாண்டி ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் விரையும் லாரிகளில் பெரிய எஃகுத் தகட்டுச் சுருள்களைப் பார்த்திருப்பீர்கள். கார்களின் உடற்பகுதிகளாக மாறும் அந்த எஃகில் இரும்பும் கரியும் மட்டுமல்ல, சிறிதளவு மாங்கனீசும் இருக்கிறது. எஃகுத் தொழிலில் மாங்கனீசைப் புகுத்தியவர், நம் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை நடத்தி நொடித்துப்போன ஒருவர் என்றால் வியப்பாக இல்லையா?

அவர் பெயர் ஜோசையா மார்ஷல் ஹீத். பொறியியல் கற்று வந்தவரல்லர். கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவலர். சேலத்து இரும்புத்தாதுவைக் கண்டு ஆசைப்பட்டு, வேலையை விட்டுவிட்டு, 1830-இல் பரங்கிப்பேட்டையில் ஊதுலை அமைத்தார். தாது இருப்பது சேலத்தில், உலையோ கடற்கரையில்! எரிபொருளான மரக்கரிக்கும் அலைய வேண்டியிருந்தது. ஆலை கடனில் மூழ்கியது.

ஆனால் ஹீத்துக்குக் கூர்ந்து பார்க்கும் கண் இருந்தது. நம் கொல்லர்கள் உருக்குச் செய்யும் முறையை அவர் எழுதி வைத்திருக்கிறார். இரும்புத் துண்டுகளுடன் உலர்ந்த ஆவாரங்குச்சிகளைச் சிறு மண்மூசையில் இட்டு, எருக்கிலையால் மூடி, களிமண்ணால் வாயை அடைத்து, சுமார் இரண்டரை மணி நேரம் துருத்தி ஊதுவார்கள். குச்சியும் இலையும் கரியைத் தர, இரும்பு உருக்காகிவிடும்.

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரிலும் மூசையில்தான் உருக்குச் செய்தார்கள். ஆனால் நல்ல உருக்குக்கு விலை உயர்ந்த சுவீடன் இரும்பு தேவைப்பட்டது. உள்நாட்டு இரும்பில் கந்தகம் அதிகம். அது இரும்புடன் கூடி உண்டாகும் சல்பைடு, பழுக்கக் காய்ச்சும்போதே உருகி எஃகின் மணிகளுக்கிடையே படரும். சம்மட்டி அடி விழுந்தால் எஃகு பிளந்துவிடும். மாங்கனீசைச் சேர்த்தால் கந்தகம் இரும்பை விட்டு அதனுடன் கூடிவிடும். அந்தச் சல்பைடு எளிதில் உருகாது. இந்த விளக்கமெல்லாம் பிற்காலத்தது. ஹீத் சோதனையால் பலனைக் கண்டு, மாங்கனீசும் கரியும் சேர்ந்த கூட்டுப்பொருளைப் பயன்படுத்த 1839-இல் காப்புரிமை பெற்றார். உருக்கின் விலை சரிந்தது.

இங்கேதான் அவர் சறுக்கினார். கூட்டுப்பொருளைத் தனியே தயாரிக்க வேண்டாம், மாங்கனீஸ் ஆக்சைடையும் கரிப்பொருளையும் மூசையிலேயே போட்டால் போதும் என்று பின்னர் கண்டுபிடித்து, அதைத் தம் முகவர் அன்வினிடம் சொன்னார். அன்வின் அதைத் தாமே செய்யத் தொடங்கினார். காப்புரிமையில் எழுதியிருப்பது வேறு என்றார். மூசைக்குள் முதலில் உண்டாவது அதே கூட்டுப்பொருள்தானே என்பது ஹீத்தின் வாதம். வேதியியல்படி அவர் பக்கமே நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் நீதிமன்றம் பார்ப்பது எழுத்தை அல்லவா? வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்தது. 1855-இல் பிரபுக்கள் சபை ஹீத்துக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னபோது, அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன.