அயுத்தயா: எரிந்த தலைநகரும் கண்டிக்கு வந்த பிக்குகளும்

பாங்கொக் நகருக்குப் போய்வரும் நம்மவர்களில் பலர் அரச மாளிகையையும் மரகத புத்தரையும் பார்த்துவிட்டு, மிகுதி நேரத்தைக் கடைத்தெருக்களில் கழித்துத் திரும்புவதே வழக்கம். ஒரு நாளை மிச்சப்படுத்தி வடக்கே சுமார் 80 கிலோமீற்றர் சென்றால் சியாம் நாட்டின் பழைய தலைநகரான அயுத்தயாவை அடையலாம். 1897இல் சியாமின் அரச புகையிரதப் பாதை முதலில் எட்டிய நகரமும் இதுதான். நிலையத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்தால் பா சாக் ஆறு. சிறு படகொன்றில் அக்கரை சேர்ந்தால், மூன்று ஆறுகள் சூழ்ந்த தீவுக்குள் பழைய நகரம் சிதறிக் கிடக்கிறது.

அயோத்தி என்ற பெயரே அங்கு அயுத்தயா ஆயிற்று. 1351இல் இந்நகரை நிறுவிய அரசன் சூடிக்கொண்ட பட்டமும் ராமாதிபதி. 417 ஆண்டுகள், 33 அரசர்கள். போர்த்துக்கேயர், ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஜப்பானியர் என அங்கு வந்து வாணிபம் செய்யாதவர் குறைவு. 1767ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் திகதி, பதினான்கு மாத முற்றுகைக்குப் பின்னர் பர்மியப் படைகள் மதிலைத் தகர்த்து உள்ளே புகுந்தன. நகரம் எரிந்தது. எஞ்சிய செங்கற் கோபுரங்களையே 1991இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

வாட் மஹாதாட் என்ற விகாரையில்தான் எல்லோருடைய கமராக்களும் திறக்கின்றன. அரச மரமொன்றின் வேர்கள் சுற்றிப் பின்னிய நிலையில், கல்லாலான புத்தர் தலையொன்று அங்கே இருக்கிறது. அதன் அருகே படம் எடுப்பவர் புத்தரின் சிரசுக்கு மேலாகத் தம் தலை உயராதபடி குந்தி இருக்க வேண்டும் என்பது விதி. காவலாளி அதில் கண்டிப்பானவர். அந்த முற்றத்தில் வரிசையாக அமர்ந்திருக்கும் மற்றப் புத்தர் சிலைகள் பலவற்றுக்குத் தலையே இல்லை. யார் இதைச் செய்தது என்று கேட்டால் வழிகாட்டிகள் ஒரே சொல்லில் பதில் சொல்கிறார்கள்: “பர்மியர்.”

இந்தப் பதிலை நான் முழுமையாக ஏற்பதற்கில்லை. பர்மியர் நகரை எரித்தது உண்மை. வாட் பிர சி சன்பேட் விகாரையில் நின்ற 16 மீற்றர் உயரமான புத்தர் சிலையின் பொற்கவசத்தை உருக்குவதற்காகத் தீ மூட்டியதும் உண்மை. ஆயினும் அவர்களும் தேரவாத பௌத்தர்களே. இடிபாடுகளின் வரலாற்றை அவர்கள் வெளியேறிய பின்னரும் தொடர்ந்து பார்க்க வேண்டும். முதலாம் ராமா 1782இல் பாங்கொக்கைத் தலைநகராக்கியபோது, புதிய மதில்களுக்கு வேண்டிய செங்கற்கள் அயுத்தயாவின் பழைய மதில்களிலிருந்து படகு படகாக ஆற்றின் வழியே கொண்டு செல்லப்பட்டன. கவசம் இழந்த அந்தப் பெரிய சிலையின் எச்சங்களும் பாங்கொக்குக்குப் போயின. அவை இன்று வாட் போ விகாரையின் தாதுகோபம் ஒன்றினுள் இருக்கின்றன. சிலைத் தலைகளிற் பல, பிற்காலத்தில் புதையல் தேடியோராலும் பழம்பொருள் வியாபாரிகளாலும் அகற்றப்பட்டவை. தூக்கிச் செல்ல எளிது, விலையும் அதிகம்.

இதற்கு மிகச் சிறந்த சாட்சி பக்கத்திலேயே உள்ள வாட் ராச்சபுரண. அரியணைக்காக யானை மேல் ஏறிப் பொருது, ஒருவரை ஒருவர் கொன்றொழித்த இரு அண்ணன்மாரின் நினைவாக, 1424இல் அரசனான மூன்றாவது தம்பி எழுப்பிய விகாரை அது. 1957இல் திருடர்கள் இரவோடிரவாக அதன் நிலவறையைத் தோண்டிப் பொற்களஞ்சியம் ஒன்றைக் கண்டெடுத்தனர். அள்ளிச் சென்றதில் ஒரு பகுதி மீட்கப்பட்டது. மிகுதி போயே போய்விட்டது. திருடர்கள் விட்டுச் சென்றதையும் மீட்கப்பட்டதையும் வைக்க அரசாங்கம் ஓர் அருங்காட்சியகம் அமைத்தது. 1961இல் திறக்கப்பட்ட அதற்கு, விகாரையைக் கட்டிய அரசனின் பெயரையே சூட்டி, சாவ் சாம் பிரயா அருங்காட்சியகம் என்றார்கள். உள்ளே இருக்கும் பொன் வாளையும் பொன் யானையையும் பார்ப்பதற்காகவேனும் அயுத்தயா போகலாம். செங்குத்தான படிகளில் இறங்கி நிலவறையின் மங்கிய சுவரோவியங்களையும் காணலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மேலேயே நின்றுவிடுவது நல்லது.

அந்த மூன்றாவது தம்பியின் கதை இத்துடன் முடியவில்லை. 1431இல் கெமர்களின் அங்கோர் நகரைக் கொள்ளையிட்டவனும் அவனே. அங்கிருந்து வெண்கலச் சிங்கங்களும் மூன்று தலை ஐராவதமும் சிவ வடிவங்களும் அயுத்தயாவுக்கு வந்தன. 1569இல் பர்மிய அரசன் பயின்னவுங் அயுத்தயாவை வென்று அவற்றைப் பெகுவுக்குக் கொண்டுபோனான். பெகு வீழ்ந்தபோது அரக்கானியர் எடுத்துக்கொண்டனர். அரக்கான் வீழ்ந்தபோது, 1784 இறுதியில், பர்மிய அரசன் போதவ்பாயா எடுத்துக்கொண்டான். எஞ்சிய ஆறு சிலைகள் இன்று மண்டலேயின் மகாமுனி ஆலயத்தில் நிற்கின்றன. நோயுற்ற அடியார்கள் தமக்கு வலிக்கும் இடம் எதுவோ, சிலையின் அந்த இடத்தைத் தடவிக் கும்பிடுகிறார்கள். அயுத்தயாவின் வழிகாட்டிகள் இந்தக் கதையைச் சொல்லி நான் கேட்கவில்லை. இன்னொன்றையும் அவர்கள் சொல்வதில்லை. மொங்கொன் போபிட் என்ற பெரும் வெண்கலப் புத்தரின் ஆலயம் 1950களில் மீளக் கட்டப்பட்டபோது, அதற்கு நன்கொடை அளித்தோரில் பர்மாவின் பிரதமரும் ஒருவர்.

எரிந்தவற்றுள் ஈடு செய்ய முடியாதது பொன்னன்று, ஏடுகள்தான். அயுத்தயா அரசின் ஆவணங்களும் நாளாகமங்களும் பெரும்பாலும் அந்தத் தீயோடு போயின. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததை அறிந்த தலைமுறையைச் சேர்ந்தவனுக்கு இதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை.

இலங்கையர் அயுத்தயாவில் கட்டாயம் நின்று பார்க்க வேண்டிய இடங்கள் இரண்டு. முதலாவது, மேலே சொன்ன வாட் பிர சி சன்பேட். மூன்று அரசர்களின் அஸ்தியைத் தாங்கி ஒரே வரிசையில் நிற்கும் அதன் மூன்று தாதுகோபங்களும் மணி வடிவினவை. இலங்கைப் பாணி என்றே சியாமியக் கலை வரலாற்றாளர் அவற்றை வகைப்படுத்துகின்றனர். இலங்கையிலிருந்து பௌத்தத்தைப் பெற்ற நாடு அது. அந்தக் கடனைத் திருப்பிச் செலுத்திய இடமே இரண்டாவது. தீவுக்கு வெளியே, ஆற்றின் மேற்குக் கரையில் உள்ள வாட் தம்மாராம்; உபாலி தேரரின் விகாரை.

18ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கண்டி இராச்சியத்தில் உபசம்பதா பெற்ற பிக்கு ஒருவரேனும் இருக்கவில்லை. புதியவருக்கு உபசம்பதா வழங்க, அதைப் பெற்ற பிக்குகள் குறைந்தது ஐவர் வேண்டும். வெலிவிட்ட சரணங்கரரின் தூண்டுதலால் சியாமுக்குத் தூது அனுப்பப்பட்டது. துறைமுகங்கள் ஒல்லாந்தர் கையில் இருந்தமையால் அவர்களின் கப்பலிலேயே போக வேண்டியிருந்தது. முதல் இரு முயற்சிகள் கைகூடவில்லை. மூன்றாவது வெற்றி பெற்றது. அயுத்தயா மன்னன் பொரொமகோட் அனுப்பிய உபாலி தேரரும் உடன் வந்த பிக்குகளும் 1753இல் திருகோணமலையில் இறங்கிக் கண்டியை அடைந்தனர். அவ்வாண்டு எசல பௌர்ணமியன்று மல்வத்தையில் உபசம்பதா மீள நிறுவப்பட்டது. சியம் நிக்காய என்ற பெயர் வந்தது இப்படித்தான். அதிலிருந்து பதினான்காம் ஆண்டில் அயுத்தயா சாம்பலாயிற்று.

இத்தனைக்கும் பின்னால் நின்று அதைச் செய்வித்த கண்டி மன்னன் யார் என்பதைத் தமிழ் வாசகர்கள் நினைவிற் கொள்வது நல்லது. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன், மதுரையிலிருந்து வந்த நாயக்கர் குலத்தவன், சைவனாகப் பிறந்தவன். அவனால் உயிர்பெற்ற சங்கத்தின் தலைவர்களும் பிரதானிகள் சிலரும் 1760இல் அவனையே கொல்லச் சதி செய்தனர். திருநீறு பூசும் தமிழன் பௌத்த அரியணையில் இருப்பதா என்பது அவர்களின் குறை. அவனுக்குப் பதிலாக அமர்த்த நினைத்ததும் ஒரு சியாமிய இளவரசனைத்தான். பொரொமகோட்டின் மகனான அவன் அயுத்தயாவில் அண்ணனால் நாடு கடத்தப்பட்டு இலங்கைக்கு வந்திருந்தான். சதி வெளிப்பட்டது. பிரதானி சமனக்கொடி கொல்லப்பட்டான். சரணங்கரர் சிறை சென்று பின்னர் விடுவிக்கப்பட்டார். இளவரசன் வெளியேற்றப்பட்டான். மன்னனோ அதன் பின்னரும் விகாரைகள் கட்டுவதை நிறுத்தவில்லை. தெகல்தொருவ குகை விகாரையின் ஓவியங்கள் அவன் காலத்தவை. வெளியேற்றப்பட்ட இளவரசன் சியாம் திரும்பி, அயுத்தயாவின் வீழ்ச்சிக்குப் பின் பிமாயில் தனி அரசு அமைக்க முயன்று, 1768இல் தாக்சின் மன்னனால் கொல்லப்பட்டான்.

உபாலி தேரர் தாயகம் திரும்பவில்லை. 1756இல் கண்டியிலேயே காலமானார். தம் நகரம் எரிந்ததை அவர் அறிய நேரவில்லை.

அயுத்தயாவில் தமிழின் தடமும் உண்டு. அரசவைப் பிராமணர்கள் தென்னிந்தியாவிலிருந்து சென்ற மரபினர். திரியம்பாவாய், திரிபாவாய் என்ற அவர்களின் மார்கழி வழிபாடுகள் திருவெம்பாவை, திருப்பாவை ஆகியவற்றின் வழிவந்தவை என்பதை நம்மவரான தனிநாயகம் அடிகளார் எழுதியிருக்கிறார். நகரம் வீழ்ந்த பின் அம்மரபு பாங்கொக்கின் தேவஸ்தானக் கோயிலுக்கு இடம்பெயர்ந்தது. அதன் முன்னால் நிற்கும் உயரமான செந்நிற ஊஞ்சற் கம்பத்தை எல்லோரும் படம் பிடிக்கிறார்கள். அந்த ஊஞ்சல் விழா 1930களில் நின்றுபோயிற்று.

கண்டிக் கதைக்கு ஒரு பின்னுரையும் உண்டு. சியம் நிக்காய சில ஆண்டுகளிலேயே கொவிகம சாதியாருக்கு மட்டும் உபசம்பதா என்று கதவை மூடிக்கொண்டது. கரையோரத்துப் பிற சாதியார் வேறு நாடு தேடினர். 1799இல் அம்பகஹபிட்டியே ஞானவிமலர் கப்பலேறிச் சென்றது பர்மாவின் தலைநகரான அமரபுரத்துக்கு. அங்கு உபசம்பதா பெற்று 1803இல் திரும்பிய அவரால் உருவானது அமரபுர நிக்காய. அவரை வரவேற்று ஆதரித்த போதவ்பாயா மன்னன், அயுத்தயாவை எரிக்கப் படை அனுப்பிய சின்பியூஷின் அரசனின் உடன்பிறந்த தம்பி.