கடலோர வீட்டுக்கு கேமரா - கொஞ்சம் கொசுவத்தி

ரெண்டு வாரமா ஆணி அதிகம், அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை. போதாக்குறைக்கு சித்தப்பா வேற ஒரு ஆணி கொடுத்துட்டார். ஈ.சி.ஆர். பக்கம் கடலைப் பார்த்த மாதிரி வீடு கட்டி குடி போயிருக்கார். "நீதான் கம்ப்யூட்டர் ஆளாச்சே, எங்கெங்க கேமரா வைக்கணும்னு ஒரு பிளான் போட்டுக் குடுடா"ன்னார். நான் படிச்சது மெக்கானிக்கல், பொழைக்கிறது ஜாவாவுல. சொன்னா யார் கேக்குறா? :)

சரி, பிளான் போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் படிக்கலாம்னு உட்கார்ந்து, நேரா வரலாற்றுல போய் விழுந்துட்டேன். கொசுவத்தியைச் சுத்திடறேன், பொறுத்துக்குங்க மக்களே.

முதல் சிசிடிவின்னு பொதுவா சொல்றதும் ஒரு கடலோரத்துலதான் இருந்தது. ஜெர்மனியில், பால்டிக் கடற்கரையில் பேனமுண்டே. 1942-ல் அங்கே வி-2 ராக்கெட் சோதனை நடந்தது. கிளம்பும்போது பக்கத்துல நின்னா ஆள் காலி. அதனால தள்ளி உட்கார்ந்து பார்க்க வால்டர் புரூக் என்கிற பொறியாளர் கேமராவும் திரையும் அமைச்சார். இதே மனுஷன்தான் பின்னாடி பால் கலர் டிவி முறையை உருவாக்கினவர். 1982-ல் தூர்தர்ஷன் கலருக்கு மாறினது அந்த முறையிலதான். ஆக, நம்ம ஒளியும் ஒலியும் கலர்ல தெரிஞ்சதுக்கு அவரும் ஒரு காரணம்.

ராணுவத்துக்கு கேமரா, சரி. வீட்டுக்கு எப்படி வந்துச்சு? இங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச ஆள் வர்றாங்க. மேரி வான் பிரிட்டன் பிரவுன். நியூயார்க் நகரத்துல, குவீன்ஸ் பகுதியில் ஜமைக்கான்னு ஒரு பேட்டை. அங்கே இருந்த கறுப்பினப் பெண், நர்ஸ் வேலை. கணவர் ஆல்பர்ட் எலக்ட்ரானிக்ஸ் டெக்னீஷியன். ரெண்டு பேருக்கும் வேலை நேரம் ஒத்துவராது, பல ராத்திரி தனியா இருக்கணும். ஏரியாவுல திருட்டு ஜாஸ்தி, கூப்பிட்டா போலீஸ் வர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிடும். கதவைத் தட்டறது யாருன்னு பார்க்க கதவு வரைக்கும் போகவே பயம்.

அந்தம்மா 1966-ல் கணவரோட சேர்ந்து காப்புரிமைக்கு விண்ணப்பிச்சாங்க. 1969 டிசம்பர் 2-ல் கிடைச்சது, எண் 3,482,037. படத்தைப் பார்த்து நான் அசந்துட்டேன். கதவுல நாலு ஓட்டை, மேலிருந்து கீழ வரைக்கும். நெட்டை ஆள் ஒரு ஓட்டையில தெரிவார், குழந்தைன்னா கீழ் ஓட்டையில. கதவுக்கு உள்பக்கம் ஒரு கேமரா மேலயும் கீழயும் நகரும். படம் கம்பியில்லாம படுக்கையறை டிவிக்கு வரும். வந்த ஆளோட மைக்ல பேசலாம். நம்ம ஆள்னா படுத்துக்கிட்டே பட்டனை அமுக்கி கதவைத் திறக்கலாம், இல்லேன்னா இன்னொரு பட்டன்ல அபாய எச்சரிக்கை. இன்னைக்கு வீடியோ காலிங் பெல்னு விக்கிற சமாச்சாரம் மொத்தமும் அதுலயே இருக்கு. ஆனா அது பெருசா கடைக்கு வரலை.

இதுல நான் கவனிச்ச ஒண்ணு. அந்த கேமரா என் கதவுக்கு வந்தவனை மட்டும்தான் பார்க்கும். தெருவைப் பார்க்காது. படமும் வீட்டை விட்டு வெளிய போகாது.

வெளிய போக ஆரம்பிச்சது நம்ம ஜாதிக்காரங்களால, அதாவது கம்ப்யூட்டர் ஜாதி :). கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துல 1991-ல் காபி ஜாடி காலியா இருக்கான்னு பார்க்க ஒரு கேமரா வச்சாங்க. 1993-ல் அதை வலையில ஏத்தினாங்க. 2016-ல் என்ன ஆச்சு? கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாத்தாம விட்ட கேமராக்கள், ரவுட்டர்களுக்குள்ள எல்லாம் மிராய்னு ஒரு நச்சுநிரல் புகுந்து, அக்டோபர் 21 அன்னைக்கு ட்விட்டர் வரைக்கும் படுக்க வச்சுது. சித்தப்பா, பாஸ்வேர்டை முதல்ல மாத்துங்க.

இப்ப பிளானுக்கு வருவோம். சித்தப்பா கேட்டது பன்னெண்டு கேமரா, அதுல நாலு கடலைப் பார்த்து. கிழக்குக் கரை, காலையில சூரியன் நேரா லென்ஸ்ல அடிக்கும், படம் வெள்ளையாப் போயிடும். அலை அசையறதையே ஆள் அசையறதா நினைச்சு ராத்திரி முழுக்க அலாரம் அடிக்கும். ஐ.பி.66-ன்னு பெட்டியில போட்டிருப்பான், அது தூசிக்கும் தண்ணிக்கும்தான், உப்புக்காத்து துருவுக்கு இல்லை. ஸ்குரூ கூட 316 எவர்சில்வர்ல வாங்கணும். பதிவு பண்ற பெட்டியை மாடியில வைக்கச் சொன்னேன். 2004-ஐ பார்த்த கரை அது.

இதெல்லாம் ஒத்துக்கிட்டார். சண்டை வந்தது வேற இடத்துல. வீட்டுக்குப் பின்னாடி படகு இழுத்துப் போடற மணல். விடியக்காலை மூணு மணிக்கு கடலுக்குப் போறவங்க அந்த வழியாத்தான் நடப்பாங்க. "அவங்க வேலைக்குப் போறதை நாம ஏன் பதிவு பண்ணணும்?"னேன். "நானும் உன் சித்தியும் தனியா இருக்கோம், உனக்கென்ன தெரியும்"னார். அதுவும் நியாயம்தான். மேரியம்மா பயம்தானே அது.

கடைசியில ஆறு கேமராவுக்கு இறங்கி வந்தார். கடல் பக்கம் ரெண்டு மட்டும், சுவரோட மூலையில வச்சு சுவர் நீளத்துக்கே பார்க்கிற மாதிரி. மணல் தெரியற பகுதியை மென்பொருள்ல கறுப்படிச்சாச்சு. எனக்குப் பெருமை தாங்கலை.

போன ஞாயிறு டேப் வச்சு அளந்துட்டு இருந்தேன். வலை பின்னிட்டு இருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். "தம்பி, இது எங்க பக்கமும் பார்க்குமா?"

"இல்லைங்கய்யா, பார்க்காது. மறைச்சுட்டோம்"னேன், ரொம்பத் தெம்பா.

"அடடா, பார்த்தா தேவலையே. போன மாசம் ஒரு வலையைக் காணோம்"னார்.

சித்தப்பாகிட்ட இதை இன்னும் சொல்லலை.